டாக்டர் ஸ்கடரின் கடிதங்கள்



கடிதங்கள் இரு வகைப்படும். ‘நலம், நலமறிய ஆவல்’ என்று தொடங்குவது ஒரு வகை. ‘தங்கள் கடிதம் கிடைக்கப் பெற்றோம், சரக்கின் விவரம் பின்வருமாறு’ என்று தொடங்குவது மற்றொரு வகை. முன்னதை வீட்டுக் கடிதம் என்போம். பின்னதைத் தொழிற் கடிதம் என்போம். ஒருவரை முழுவதும் அறிய வேண்டுமானால் இவ்விரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும். வீட்டுக் கடிதத்தில் அவருடைய நெஞ்சம் தெரியும். தொழிற் கடிதத்தில் அவர் பொழுது எப்படிக் கழிந்தது, எதற்குக் கவலைப்பட்டார், யாரிடம் கை நீட்டினார் என்பவை தெரியும்.

நான் ஆம்பூரில் ஒரு தோல் ஏற்றுமதி நிறுவனத்தில் கடிதப் போக்குவரத்து எழுத்தனாகப் பல்லாண்டுகள் வேலை பார்த்தவன். பிறருடைய கடிதங்களைப் படிப்பதும், பிறருக்காகக் கடிதம் எழுதுவதுமே என் பிழைப்பு. ஆகையால் பழைய கடிதங்கள் என்றால் எனக்கு ஒரு தனி ஆசை. அந்த ஆசையினால் படிக்க நேர்ந்தவற்றுள், வேலூர்ப் பகுதியோடு நெருங்கிய தொடர்புடைய ஓர் அமெரிக்கரின் கடிதங்களைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன். அவர் பெயர் ஜான் ஸ்கடர். வேலூரில் உலகறிந்த மருத்துவமனையைத் தோற்றுவித்த டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையாரின் பாட்டனார் அவர்.

அமெரிக்க ஐக்கிய நாடு பிறந்து அதிக காலம் ஆகாத 1793-ஆம் ஆண்டில், நியூஜெர்சி மாகாணத்தில் பிறந்தவர் ஸ்கடர். பிரின்ஸ்டன் கல்லூரியில் படித்து, 1813-இல் மருத்துவப் பட்டம் பெற்று, நியூயார்க் நகரத்தில் வைத்தியத் தொழில் செய்து வந்தார். நல்ல வருமானம், நல்ல பெயர், இளம் மனைவி, ஒரு பெண் குழந்தை. ஒரு நாள் நோயாளி ஒருவரின் வீட்டுக்குச் சென்றிருந்தபோது, அங்கே கிடந்த சிறு புத்தகம் ஒன்றை எடுத்துப் புரட்டினார். உலகத்தில் உள்ள அறுபது கோடி மக்களுக்குத் தம் சமயத்தை எடுத்துச் சொல்ல ஆட்கள் வேண்டும் என்பது அதன் பொருள். அதை எழுதியவர்கள் கார்டன் ஹால், சாமுவேல் நியூவெல் என்ற இரண்டு அமெரிக்கப் பாதிரிமார்கள். எங்கிருந்து எழுதினார்கள் தெரியுமா? நம் பம்பாயிலிருந்து! 1818-இல் அமெரிக்காவில் அச்சான அந்தப் புத்தகம், நியூயார்க்கு நகரத்து வைத்தியரைக் கப்பலேற்றி நம் பக்கம் அனுப்பிவிட்டது. அந்தப் புத்தகத்தை இந்தியாவிலிருந்து போன ஒரு கடிதம் என்றே சொல்லலாம்.

1819-ஆம் ஆண்டு ஜூன் மாதம் ‘இண்டஸ்’ என்ற கப்பலில் அவர் குடும்பத்தோடு பாஸ்டன் துறைமுகத்தை விட்டுப் புறப்பட்டார். பின்னாளில் தமிழ் அகராதியால் புகழ்பெற்ற மைரன் வின்ஸ்லோவும் அதே கப்பலில் வந்தவரே. பாய்மரக் கப்பல் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக் கல்கத்தா வந்து சேர நான்கு மாதத்துக்கு மேல் ஆயிற்று. கல்கத்தாவில் ஸ்கடரின் குழந்தை இறந்துபோயிற்று. அந்த ஆண்டின் இறுதியில் தம்பதிகள் இருவரும் வெறுங்கையோடு இலங்கையில் வந்து இறங்கினார்கள்.

நேயர்களே, இந்த இடத்தில் சற்று நின்று அந்தக் காலத்துத் தபாலைப் பற்றி எண்ணிப் பாருங்கள். பேத்தி இறந்த செய்தி பாட்டன் பாட்டிக்குப் போய்ச் சேர நான்கைந்து மாதம் ஆகும். அவர்கள் எழுதும் ஆறுதல் திரும்பி வர மேலும் அத்தனை மாதம் ஆகும். துக்கம் நடந்து ஏறக்குறைய ஓர் ஆண்டு கழித்து ஆறுதல் வருகிறது. அதற்குள் இவர்கள் வாழ்க்கையில் எத்தனையோ நிகழ்ந்து முடிந்திருக்கும். ஆகவே அக்காலத்தில் கடிதம் எழுதுகிறவர், படிக்கிறவர் எந்த நிலையில் இருப்பார் என்று தெரியாமலேதான் எழுதினார். உயிரோடிருக்கிறாரா என்பதுகூட நிச்சயமில்லை. கை பேசியில் ‘சாப்பிட்டாயா?’ என்று மகனைக் கேட்டு, அவன் வாய் மூடுமுன் பதிலையும் பெற்றுவிடுகிற நமக்கு இது விளங்குவது கடினம். ஒரு தாளில் வாழ்க்கையையே அடக்கி எழுத வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இருந்தது. அதனால்தான் அக்காலக் கடிதங்கள் இன்று நமக்கு வரலாறாகப் பயன்படுகின்றன.

ஸ்கடர் யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் தங்கி வைத்தியமும் சமயப் பணியும் செய்தார். அவரை அனுப்பியது 1810-இல் தோன்றி, பாஸ்டன் நகரத்திலிருந்து இயங்கிவந்த அமெரிக்க மிஷன் சங்கம். சம்பளம் அங்கிருந்து வர வேண்டும். செலவுக்குக் கணக்கு அங்கே போக வேண்டும். எனவே சங்கத்துக்கு எழுதும் கடிதங்கள் ஒரு வியாபாரி தம் முதலாளிக்கு எழுதும் கடிதங்களைப் போன்றவையே. அவற்றில் அறிக்கை உண்டு, விண்ணப்பம் உண்டு. அவை தனி மனிதர் படித்துவிட்டு மடித்து வைப்பவையும் அல்ல. சங்கம் நடத்திய ‘மிஷனரி ஹெரால்டு’ என்ற மாதப் பத்திரிகையில் இத்தகைய கடிதங்களை அச்சிட்டு ஊரெங்கும் அனுப்பினார்கள். அதைப் படித்தவர்கள் பணம் கொடுத்தார்கள். அந்தப் பணம் இங்கே பள்ளிக்கூடமாயிற்று, மருந்தாயிற்று, அச்சுக்கூடமாயிற்று.

அச்சுக்கூடம் என்று சொன்னேன். அதுவும் கடிதத்தால் நடந்த வேலைதான். 1836-இல் ஸ்கடரும் வின்ஸ்லோவும் யாழ்ப்பாணத்தை விட்டுச் சென்னைக்கு வந்தார்கள். தமிழில் புத்தகங்களை ஏராளமாக அச்சிட்டுப் பரப்ப வேண்டும் என்பது நோக்கம். சென்னையில் அமெரிக்க மிஷன் அச்சுக்கூடம் அமைந்தது. பீனியாஸ் ஹண்ட் என்ற அச்சுத் தொழிலாளர் அமெரிக்காவிலிருந்து வந்து அதை நடத்தினார். தமிழ் அச்செழுத்துக்களைச் சிறிதாகவும் அழகாகவும் ஆக்கிய பெருமை அவரைச் சேரும். அந்த அச்சுக்கூடத்தில்தான் 1862-இல் வின்ஸ்லோவின் தமிழ் ஆங்கில அகராதி வெளிவந்தது. அறுபத்தேழாயிரத்துக்கும் மேற்பட்ட சொற்கள் அதில் உள்ளன. இராமாநுச கவிராயர் முதலிய தமிழ்ப் புலவர்களின் உழைப்பும் அதில் கலந்திருக்கிறது. பாஸ்டனுக்கு எழுதிய தொழிற் கடிதங்களின் பயன் ஒரு தமிழ் அகராதியாக நம் கைக்கு வந்தது என்றால் அது மிகையாகாது.

இனி ஸ்கடரின் மற்றொரு வகைக் கடிதங்களுக்கு வருவோம். அவர் அமெரிக்கச் சிறுவர் சிறுமியருக்குக் கடிதம் எழுதுவதில் வல்லவர். அவை புத்தகங்களாகவும் அச்சாகிப் பரவின. 1842 முதல் 1846 வரை அவர் தாயகத்தில் தங்கியிருந்தபோது ஊர் ஊராகச் சென்று குழந்தைகளிடம் பேசினார். ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட குழந்தைகள் அவருடைய பேச்சைக் கேட்டிருப்பார்கள் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். மிட்டாய்க்கு வைத்திருந்த காசை உண்டியில் போட்ட குழந்தைகள் அக்காலத்தில் பலர். பெரியவர்களானபின் கப்பலேறி இங்கே வந்தவர்களும் உண்டு.

ஆனால் இந்தக் கடிதங்களைப் படிக்கும் தமிழனுக்கு நெஞ்சில் ஒரு முள் தைக்காமல் போகாது. அவற்றில் வரும் நம் மக்கள் எப்போதும் இருளில் இருப்பவர்கள், அறியாமையில் மூழ்கியவர்கள், கொடுமைகளைச் செய்பவர்கள். நம்மிடம் குறைகள் இருக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. பெண்களுக்கும் ஒடுக்கப்பட்டவர்களுக்கும் நம் சமூகம் இழைத்த தீங்கு கொஞ்சமன்று. ஆயினும் அதே யாழ்ப்பாணத்தில் தலைமுறை தலைமுறையாகத் தமிழ் கற்பித்த திண்ணைப் பள்ளிகள் இருந்தன. நாட்டு வைத்தியர்கள் இருந்தார்கள். நோயாளியைத் தோளில் சுமந்துகொண்டு பல மைல் நடந்துவந்த அண்ணன் தம்பிகள் இருந்திருப்பார்கள். அவர்களுக்கு அந்தக் கடிதங்களில் இடமில்லை. வைத்தியர் புண்ணைப் பார்த்தார். புண்ணைப் பற்றியே எழுதினார். புண்ணைக் காட்டினால்தான் மருந்துக்குக் காசு வரும் என்பதும் ஒரு காரணம். மனிதருக்குப் புண்ணைத் தவிர உடம்பின் மற்றப் பகுதியும் உண்டு என்பது, கடலுக்கு அப்பால் இருந்த குழந்தைகளுக்குத் தெரியாமலே போயிற்று.

இதற்கு நேர்மாறாக ஒன்று என் அனுபவத்தில் உண்டு. தோல் பதனிடும் இடத்தில் சுண்ணாம்புக் குழியில் இறங்கி வேலை செய்யும் முதியவர் ஒருவர் இருந்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர். பட்டாளத்தில் இருந்த மகனுக்கு மாதம் ஒரு கடிதம் அவருக்காக நான் எழுதிக் கொடுப்பேன். அவருடைய கைகள் இரண்டும் சுண்ணாம்பு அரித்து, வெடித்து, இரத்தம் கசிந்துகொண்டிருக்கும். ஒரு முறை, ‘‘பெரியவரே, கை இப்படி இருக்கிறது என்று மகனுக்கு ஒரு வரி எழுதட்டுமா?’’ என்று கேட்டேன். ‘‘வேண்டா சாமி! மழை பெய்தது, மாடு கன்று போட்டது என்று எழுதுங்கள். அவன் தூர தேசத்தில் இருக்கிறான்; சோறு இறங்காது’’ என்றார். அந்த மகன் பாதுகாத்து வைத்த கடிதங்களை இன்று எவராவது கண்டெடுத்துப் படித்தால், ஆம்பூர்த் தோல் தொழிலாளியின் வாழ்வில் மழையும் கன்றுக்குட்டியும் தவிர வேறொன்றும் இல்லை என்றல்லவா எண்ணுவார்? ஸ்கடர் புண்ணை மட்டும் எழுதினார். இந்தத் தந்தை புண்ணை மட்டும் எழுதாமல் விட்டார். இரண்டும் பாதி உண்மைகளே. யாருக்கு எழுதுகிறோம் என்பதுதான் என்ன எழுதுகிறோம் என்பதை முடிவு செய்கிறது.

ஸ்கடருக்குப் பின் யாழ்ப்பாணத்துக்கு வந்த இன்னோர் அமெரிக்க மருத்துவரின் கடிதங்களையும் இங்கே ஒப்பிட்டுப் பார்க்கலாம். சாமுவேல் பிஸ்க் கிரீன் என்பவர் 1847-இல் வந்து, மானிப்பாயில் மருத்துவம் கற்பித்தார். அறுபதுக்கு மேற்பட்ட தமிழ் மருத்துவர்களை உருவாக்கினார். மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பிக்கலாம் என்று துணிந்து, 1860-களில் அப்படியே கற்பித்தும் காட்டினார். உடற்கூறு, இரண வைத்தியம், பிரசவ வைத்தியம், இரசாயனம் ஆகியவற்றுக்கெல்லாம் அவர் காலத்தில் தமிழ் நூல்கள் எழுந்தன. 1873-இல் உடல்நலம் குன்றி அமெரிக்காவுக்குத் திரும்பிய பிறகும் அவர் தமிழ் வேலையை விடவில்லை. மாசசூசெட்ஸில் தம் வீட்டில் உட்கார்ந்துகொண்டு தமிழ் மருத்துவ நூல்களுக்காக உழைத்தார். அவர் 1884-இல் மறைந்த பின், அவருடைய வாழ்க்கையும் கடிதங்களும் 1891-இல் ஒரு நூலாக வெளிவந்தன. ஸ்கடர் தமிழரைப் பற்றித் தம்மவருக்கு எழுதினார். கிரீனோ தமிழரோடு சேர்ந்து எழுதினார். ஆகவே அவருடைய பக்கங்களில் நாம் நோயாளிகளாக மட்டுமின்றி மாணவர்களாகவும், மொழிபெயர்ப்பாளர்களாகவும், மருத்துவர்களாகவும் காட்சி தருகிறோம்.

ஸ்கடர் 1855-ஆம் ஆண்டு ஜனவரியில் நன்னம்பிக்கை முனைக்கு அருகே, உடல்நலம் தேடிச் சென்ற இடத்தில் காலமானார். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே அவருடைய புதல்வர்கள் ஆர்க்காடு மிஷனைத் தொடங்கியிருந்தார்கள். வேலூர், ஆரணி, சித்தூர் முதலிய ஊர்கள் அதன் நிலையங்கள். சைலஸ் ஸ்கடர் என்ற புதல்வர் 1866-இல் இராணிப்பேட்டையில் மருத்துவமனை திறந்தார். அதே இராணிப்பேட்டையில் 1870-இல் பிறந்தவர்தாம் ஐடா. அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்த அந்தப் பெண்ணை, தாயார் நோயுற்ற செய்தி 1890-இல் இங்கே அழைத்து வந்தது. சில காலம் இருந்துவிட்டுத் திரும்பிப் போய்விட வேண்டும் என்பதே அவருடைய எண்ணமாக இருந்தது.

பிறகு திண்டிவனத்தில் நடந்ததை நேயர்களில் பலர் அறிந்திருப்பீர்கள். ஒரே இரவில் மூன்று ஆடவர், ஒருவர் பின் ஒருவராக, ஐடாவின் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். மூவரின் மனைவியரும் பிரசவ வேதனையில் இருந்தார்கள். ஐடாவின் தந்தையார் வைத்தியர், ஆயினும் ஆடவர். ஆண் வைத்தியர் தம் மனைவியைத் தொடுவதற்கு அந்த மூவரும் இசையவில்லை. விடிவதற்குள் மூன்று பெண்களும் மாண்டார்கள். அந்த இரவுதான் ஐடாவை மருத்துவம் படிக்க வைத்தது. 1899-இல் பட்டம் பெற்று, நியூயார்க்கைச் சேர்ந்த ஷெல் என்பவர் தம் மனைவியின் நினைவாகத் தந்த பத்தாயிரம் டாலர் நன்கொடையோடு அவர் திரும்பினார். 1902-இல் வேலூரில் பெண்களுக்கான மருத்துவமனை எழுந்தது. 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி தொடங்கியது. ‘டாக்டர் ஐடா, இந்தியா’ என்று மட்டும் எழுதிய கடிதமும் வேலூருக்கு வந்து சேர்ந்தது என்று சொல்வார்கள். பாட்டனார் பதில் வருமா என்று அறியாமல் கடலில் விட்ட கடிதங்களுக்கு, பேத்தியின் காலத்தில் விலாசமே தேவையில்லாமற் போயிற்று!

ஆனால் நான் இங்கே வேறொன்றை எண்ணிப் பார்க்கிறேன். அந்த மூன்று பெண்களின் பெயர் என்ன? அந்த மூன்று வீடுகளிலும் அன்றிரவு என்ன பேசிக்கொண்டார்கள்? மறுநாள் அந்தக் கணவர்கள் தம் மாமனார் வீட்டுக்கு எழுதிய கடிதத்தில் என்ன எழுதினார்கள்? ஒன்றும் நமக்குக் கிடைக்கவில்லை. அந்த இரவைப் பற்றி நமக்குத் தெரிவதெல்லாம் ஐடா அம்மையார் சொன்னதே. அவர் சொல்லியிராவிட்டால் அந்த மூன்று மரணங்களும் மண்ணோடு மண்ணாகப் போயிருக்கும். அந்தக் குடும்பத்தினரின் காகிதங்களை அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகம் ஒன்று பாதுகாத்து வைத்திருக்கிறது. நம் பக்கத்துக் காகிதங்களை எந்த நூலகத்தில் போய்க் கேட்பது?

தோல் வாணிபத்துக்கும் இதே கேள்வி பொருந்தும். வேலூர், இராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றுப் படுகையில் தொடர்ந்து நிற்கும் ஊர்களுக்கும் அமெரிக்காவுக்கும் மருத்துவத்தைத் தவிர மற்றோர் உறவும் உண்டு. அது ஆட்டுத் தோல் உறவு. சென்னை இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை 1856-இல் ஓடத் தொடங்கிய இருப்புப் பாதை, பின்பு காட்பாடி, ஆம்பூர், வாணியம்பாடி வழியாக மேற்கே நீண்டது. அதன் வழியே தோல் கட்டுக்களும் தபால் பைகளும் ஒன்றாகவே போயின. நம்மவர் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு வாரக் கணக்கில் ஊறவைத்துப் பதனிட்ட தோல், ‘ஈஸ்ட் இந்தியா கிப்ஸ்’ என்ற பெயரோடு இலண்டன் சந்தையில் மதிப்புப் பெற்றிருந்தது.

இப்படியிருக்கையில், 1884-இல் நியூயார்க்கில் அகஸ்டஸ் ஷுல்ட்ஸ் என்பவர் குரோமிய உப்பினால் தோல் பதனிடும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். பிலடெல்பியாவில் ராபர்ட் போர்டரர் என்ற தொழிலதிபர் அம்முறையால் பளபளப்பான ஆட்டுத் தோலைச் செய்து உலகச் சந்தையைப் பிடித்தார். பட்டையில் வாரக் கணக்கில் ஆகும் வேலை குரோமிய முறையில் நாட்கணக்கில் முடிந்தது. அதன் பிறகு அமெரிக்க வியாபாரிகளுக்கு நம்முடைய பதனிட்ட ஆட்டுத் தோல் தேவைப்படவில்லை. பச்சைத் தோலே போதும் என்றார்கள். அதற்கு நல்ல விலையும் கொடுத்தார்கள். சென்னை மாகாணத்தில் பட்டை கொண்டு பதனிட்டவர்களுக்குத் தோல் கிடைப்பதே அரிதாயிற்று. இந்நிலையைக் கண்டே ஆல்பிரட் சாட்டர்டன் 1903-ஐ ஒட்டிச் சென்னைக் கலைத் தொழிற் பள்ளியில் குரோமிய முறையைச் சோதித்துப் பார்த்து, நம் நாட்டிலும் அதை நிலைநாட்ட முயன்றார்.

இவ்வளவும் நமக்கு எப்படித் தெரிகிறது? காப்புரிமைப் பத்திரங்கள், அரசாங்க அறிக்கைகள், ஏற்றுமதிக் கணக்குகள் ஆகியவற்றால் தெரிகிறது. ஆனால் அந்த ஆண்டுகளில் தன் குழிகள் வறண்டுகிடக்கக் கண்ட வாணியம்பாடி வியாபாரி ஒருவர், பெரியமேட்டுத் தோல் மண்டியில் இருந்த தம் பங்காளிக்கு என்ன எழுதினார்? எத்தனை பேரை வேலையிலிருந்து நிறுத்த வேண்டியதாயிற்று என்று வருந்தினாரா? மகள் திருமணத்தைத் தள்ளி வைத்தாரா? அந்தக் கடிதங்கள் தமிழிலும் உருதுவிலும் நிச்சயம் எழுதப்பட்டன. வாணிபம் கடிதம் இல்லாமல் நடவாது. அவை எங்கே?

பாஸ்டனில் பிரெடரிக் டியூடர் என்று ஒரு வணிகர் இருந்தார். குளிர்காலத்தில் உறைந்த ஏரிகளை அறுத்துப் பனிக்கட்டியைக் கப்பலில் ஏற்றி, 1833 முதல் கல்கத்தாவுக்கும், பின்னர்ச் சென்னைக்கும் அனுப்பி விற்றவர். சென்னைக் கடற்கரையில் இன்று விவேகானந்தர் இல்லமாக விளங்கும் கட்டடம் அவருடைய பனிக்கட்டியைச் சேமிக்கக் கட்டப்பட்டதே. அவருடைய கணக்கேடுகளும் கடிதங்களும் ஹார்வர்டு வணிக நூலகத்தில் இன்றும் இருக்கின்றன. பனிக்கட்டி கரைந்து ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் ஆகப் போகின்றன, கடிதம் கரையவில்லை. நம் ஊரிலோ, நூறு ஆண்டு கெடாமல் இருக்கும்படி தோலைப் பதனிடத் தெரிந்தவர்கள், காகிதத்தைப் பாதுகாக்கத் தவறிவிட்டோம்.

இதை நான் கேள்விப்பட்டுச் சொல்லவில்லை, கண்ணால் கண்டேன். எங்கள் பகுதியில் பழைமையான ஒரு தோல் கிடங்கை இடித்தபோது, பரணிலிருந்து கட்டுக் கட்டாகக் கடித நகல்கள் இறங்கின. ஈரத் தாளில் அழுத்தி எடுத்த ஊதா நிற நகல்கள். சிவப்பு நாடாவால் கட்டிய வரவுக் கடிதங்கள். ஓரங்களில் முதலாளியின் கையால் எழுதிய குறிப்புக்கள். மேற்கட்டு ஒன்றை எடுத்துப் பார்த்தேன். இலண்டன் தரகர் ஒருவர், தோலில் கத்திக் காயம் மிகுதி என்று விலையைக் குறைத்து எழுதியிருந்தார். அதன் ஓரத்தில், ‘மழைக் காலம், தோலுரிப்பவர்களுக்குக் காய்ச்சல்’ என்று தமிழில் இரண்டு வரி இருந்தது. இலண்டன் விலைக்கும் ஆம்பூர்க் காய்ச்சலுக்கும் உள்ள தொடர்பை எந்தப் பொருளாதார நூல் அவ்வளவு சுருக்கமாகச் சொல்லும்? அந்தத் தாள்களை அன்று மாலையே எடைபோட்டுப் பழைய காகிதக் கடைக்கு அனுப்பிவிட்டார்கள். யாரையும் குறை சொல்லிப் பயனில்லை. அது குப்பை என்று அவர்கள் உண்மையாகவே நம்பினார்கள்.

எழுதி வைத்ததற்கு வலிமை உண்டு என்பதற்கு நம் பாலாற்றங்கரையே சான்று. தோல் கழிவு நீரால் கிணறுகளும் கழனிகளும் கெட்ட கொடுமையைப் பற்றி மக்கள் வெறுமனே பேசிக்கொண்டிருந்தவரை யாரும் செவிசாய்க்கவில்லை. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் அதை மனுவாக எழுதி உச்ச நீதிமன்றத்தில் வைத்தது. ஏறத்தாழ முப்பத்தையாயிரம் ஹெக்டேர் நிலம் ஓரளவோ முழுவதுமோ பாழ்பட்டது என்ற ஆய்வுக் குறிப்பும் அங்கே எடுத்துக் காட்டப்பட்டது. 1996-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் வந்த தீர்ப்பு, மாசுபடுத்தியவரே அதற்கு ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் நிலைநாட்டியது. மனு என்பதும் ஒரு கடிதந்தானே? பாதிக்கப்பட்டவர்கள் தாமே எழுதிய கடிதம் அது. ஸ்கடர் காலத்தில் நம்மைப் பற்றிப் பிறர் எழுதினார்கள். இங்கே நம்மைப் பற்றி நாமே எழுதினோம். எழுதியதைப் பாதுகாக்கவும் செய்தோம். அதனால் நீதி கிடைக்க ஒரு வழி பிறந்தது.

ஆகவே நேயர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். உங்கள் வீட்டுப் பரணிலோ, தகரப் பெட்டியிலோ, கம்பியில் கோத்த கட்டிலோ பழைய கடிதங்கள் இருக்கக்கூடும். அவற்றை எடைக்குப் போடுமுன் ஒரு முறை பிரித்துப் பாருங்கள். உறையைத் தூக்கி எறியாதீர்கள். தபால் முத்திரையில்தான் நாளும் ஊரும் இருக்கும். இருக்கும் வரிசையைக் கலைக்காதீர்கள். எழுதியவர் யார், பெற்றவர் யார், இருவருக்கும் என்ன உறவு என்பதைத் தனித் தாளில் குறித்து உடன் வையுங்கள். ஈரம் படாத இடத்தில் துணியில் சுற்றி வையுங்கள். வைத்துக்கொள்ள இயலாதவர்கள் சென்னையில் 1994 முதல் இயங்கிவரும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற நிலையங்களைக் கேட்டுப் பார்க்கலாம். உங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்து வரலாற்று ஆசிரியரிடமாவது காட்டலாம்.

முதலாளி வீட்டுக் கடிதங்கள்தாம் வேண்டும் என்பதில்லை. தோல் துவைத்தவர், பட்டை இடித்தவர், வீட்டில் இருந்து காலணிக்கு மேல்தோல் தைத்துக் கொடுத்த பெண்கள் ஆகிய எல்லோருடைய கடிதமும் வேண்டும். அவற்றில் மழையும் கன்றுக்குட்டியும் மட்டுமே இருந்தாலும் வேண்டும். புண்ணை மட்டும் எழுதிய வைத்தியரின் கடிதம் ஒரு பக்கத்தில் இருக்கிறது. புண்ணை மறைத்த தந்தையின் கடிதமும் அதன் பக்கத்தில் வந்து அமர்ந்தால்தான் வேலூர்ப் பகுதியின் கதை முழுமை பெறும். முதற் பாதியை அமெரிக்கர்கள் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். மறு பாதி உங்கள் வீட்டில் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.